கண்ணை எங்கே வைப்பது?

தட்டாஞ்சாவடி,
புதுச்சேரி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஏழு படங்களும் வந்தன. என் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன், போதவில்லை. பக்கத்துப் பட்டறைப் பையனிடம் சொல்லி அவன் கம்ப்யூட்டரில் போட்டும் பார்த்தேன். களிமண் நல்ல பதத்தில் இருக்கிறது. கழுத்தெலும்பு இரண்டும் எடுப்பாக வந்திருக்கின்றன. உன் வயதில் எனக்கு அது கைவரவில்லை. இடது காது மட்டும் ஒரு நெல் அளவு மேலே ஏறியிருக்கிறது, இறக்கிவிடு. படங்களுக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: “பெரியம்மா, மகதலா மரியாவுக்குக் கண்ணை மேலே வைக்கவா, கீழே வைக்கவா? முகம் அடக்கமா இருக்கட்டும்னு கோயில் கமிட்டியில சொல்றாங்க.”

இரண்டு தடவை பேசிப் பதிவு செய்தேன், இரண்டையும் அழித்துவிட்டேன். அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுரூபம் செய்கிற எங்கள் கொட்டகையை நீ பார்த்திருக்கிறாய். தொழிற்பேட்டைக்குப் பின்னால், மழை பெய்தால் பேச்சுக் கேட்காத தகரக் கூரை. ஊர்ப் பெயரிலேயே தட்டார் இருக்கிறார், சாவடி இருக்கிறது; கைவேலைக்காரர்கள் தங்கிப்போன இடமாக இருந்திருக்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் எனக்குத் தொழில் கற்றுத்தரவில்லை. அண்ணனுக்குக் கற்றுத்தந்தார். நான் உப்புத்தாள் தேய்க்க வந்தவள். தேய்க்கிற கைக்குத்தான் எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்று தெரியும். பதினாறு வயதில் ஒரு நாள் அண்ணனுக்குக் காய்ச்சல். நாளைக்குக் கொடியேற்றம், சூசையப்பருக்குக் கண் எழுதவில்லை. அப்பா பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து இந்தக் கொட்டகையில் கண் எல்லாம் நான் எழுதியதுதான்.

கண் பற்றி அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. சுரூபத்தைத் தரையில் வைத்து எழுதாதே, கோயிலில் எவ்வளவு உயரத்தில் நிற்கப்போகிறதோ அவ்வளவு உயரத்தில் ஏற்றி வை, நீ முழங்காலில் இருந்து பார், பிறகு எழுது. எட்டடி உயர மாடத்தில் நிற்கிற அமல உற்பவ மாதா ஏன் கண்ணைத் தாழ்த்தியிருக்கிறாள்? கீழே முழங்காலில் இருப்பவளைப் பார்க்கிறாள். அது வெட்கமில்லை, கவனிப்பு. மகளுக்கு வரன் அமையவில்லை என்று அழுகிறவள் தலையை நிமிர்த்தினால் அந்த இரண்டு கண்ணும் அவள் கண்ணில் வந்து விழ வேண்டும். அதற்காகச் செய்த கோணம் அது.

அதே சுரூபத்தின் ஒரு அடிப் பிரதியைக் கடையில் வாங்கி வீட்டு அலமாரியில் வைக்கிறோம். அச்சு சுருங்கியது, கோணம் அப்படியே இருக்கிறது. இடுப்பு உயரத்தில் நிற்கிற மாதா இப்போது யாரைப் பார்ப்பாள்? தரையைத்தான் பார்ப்பாள். மூன்று தலைமுறைப் பெண்பிள்ளைகள் அந்த அலமாரி மாதாவைப் பார்த்து, நல்ல பெண் என்றால் தரையைப் பார்ப்பவள் என்று படித்துக்கொண்டார்கள். போப்பாண்டவர் எழுதியதை நம் ஊரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? சுரூபத்தைப் பார்க்காதவர் யாரும் இல்லை. திருச்சபை பெண்ணைப் பற்றி என்ன சொல்கிறது என்று நம் சனத்துக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி நம் தொழில்தான், பாப்பா. அதனால்தான் உன் கேள்வியைச் சின்னக் கேள்வியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் அந்த ‘அடக்கம்’ என்ற சொல்லைப் பார். நம் ஊரில் அதற்கு இரண்டு பொருள். பெண்ணுக்குச் சொன்னால் ஒன்று. செத்தவருக்குச் சொன்னால் இன்னொன்று. கமிட்டிக்காரர்கள் முதல் பொருளில்தான் கேட்டிருப்பார்கள், நல்ல மனிதர்கள்தான். ஆனால் மகதலா மரியா கல்லறையிலிருந்து ஓடிவந்தவள். அடக்கம் முடிந்த இடத்தில் அவள் கதை ஆரம்பிக்கிறது.

இந்த ஊரில் பெண்ணின் அடக்கம் பற்றிய வழக்கு பழையது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு சம்பவம் வருகிறது. துபாஷ் கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் நகைகளும் மெல்லிய சேலையும் வாசனையுமாகச் சம்பா கோயில் பூசைக்கு வருகிறாள். சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளிடம் போய், பிரம்பால் கொண்டையைக் குத்தி, நீ குடும்பப் பெண்ணா தாசியா என்கிற தோரணையில் எல்லார் முன்னாலும் ஏசுகிறார். பிள்ளை கிறிஸ்தவர் இல்லை; வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர், அதனால் ஒன்றையும் மழுப்பாமல் எழுதிவைத்தார். அதே நாட்களில்தான் கோயிலுக்குள் சாதிக்காகக் கட்டியிருந்த சுவரைப் பற்றிய தகராறும் நடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பூசை கண்ட பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்குக் கிடைத்த பக்கங்களில் ஒரு வரி இல்லை. பெண்ணின் மாண்பு என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பேரும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகிறார்கள். ஒருத்தி பிரம்புக் குத்து வாங்கி ஏட்டில் ஏறினாள். இன்னொருத்தி ஏறவே இல்லை.

அதற்கு நூறு வருடம் கழித்து இதே ஊரில் நடந்ததையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் ஒருதலையாகப் பேசுகிறேன் என்பாய். க்ளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் 1827-லேயே பிரான்சிலிருந்து வந்துவிட்டார்கள். ஆனால் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெண்களே பாடம் சொல்லவேண்டும் என்ற எண்ணம் 1844-ல் பொன்னாந் ஆண்டகை கூட்டிய புதுச்சேரி சினோடுக்குப் பிறகுதான் உருவெடுத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று லூயி சவினியன் துப்புய் சாமியார் உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒரு சபையைத் தொடங்கினார். இன்று மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்று நாம் அறிகிறவர்கள் அவர்கள்தான். இந்தத் துப்புய்தான் முசே சாமியாரோடு சேர்ந்து பெரிய தமிழ்–பிரெஞ்சு அகராதி போட்டவர். அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் தேவதாசி என்பதுதான் ஊரின் கணக்கு. பெற்றவர்கள் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பப் பயந்தார்கள். வீட்டைவிட்டு வந்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, சிலேட்டைக் கையில் எடுத்த அந்த முதல் பெண்களுக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்க வேண்டும்! துப்புய் சாமியாரின் படம் அந்தச் சபைக் கான்வென்ட்டுகளில் மாட்டியிருக்கிறது. அந்த முதல் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று ஒரு கோட்டுச் சித்திரம்கூட நான் பார்த்ததில்லை. என்றைக்காவது உனக்கு யாராவது முழுச் சுதந்திரம் கொடுத்து ஒரு சுரூபம் செய்யச் சொன்னால், அவர்களைச் செய்.

இனி கண்ணுக்கு வருகிறேன்.

மேல் நோக்கிய கண்ணுக்கு நம் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் லூர்து மாதா. வில்லியனூரில் 1877-லிருந்து இருக்கிறாள், பிரான்சிலிருந்து வந்தவள். கோயிலுக்கு முன்னால் குளம், குளத்தைச் சுற்றிப் படிகள், நம் ஊர் இந்துக் கோயில்களைப் போலவே. நான் சின்ன வயதில் அந்தச் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். நீலக் கச்சையின் மடிப்பு அவ்வளவு சுத்தம். உலகத்தில் உள்ள லூர்து மாதா சுரூபங்களுக்கெல்லாம் மூலம் லியோன் நகரத்துச் சிற்பி ஃபபீஷ் செய்தது. 1864-ல் லூர்து கெபியில் நிறுவினார்கள். காட்சி கண்டவள் பெர்னதெத், 1858-ல் பதினான்கு வயது, விறகு பொறுக்கப் போன பிள்ளை. சிற்பி அவளிடம் வந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டுதான் போனார். தான் கண்டது தன் வயதுச் சிறுபெண், தன் உயரம்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். ஃபபீஷ் செய்ததோ உயரமான, வளர்ந்த பெண்மணியை. கொண்டுவந்து காட்டியபோது, அழகாக இருக்கிறது, ஆனால் அவள் இல்லை என்று பெர்னதெத் சொல்லிவிட்டாள். கண்டவள் சொன்னாள், கற்றவர் கேட்கவில்லை. அந்த அச்சுதான் வில்லியனூர் வரை வந்தது. எனக்கு அந்தச் சுரூபத்தின்மேல் பக்தி குறையவில்லை. ஆனால் அந்த உயரம், வளர்ந்த தோற்றம் எல்லாம் விண்ணிலிருந்து இறங்கியவை என்று யாராவது உன்னிடம் சொன்னால், அவை லியோனிலிருந்து இறங்கியவை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்.

நம் பக்கத்தில் இதற்கு முன்பே ஒருவர் அச்சை மாற்றிப் பார்த்திருக்கிறார். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் வைத்த பெரியநாயகி. சேலை கட்டிய மாதா, இடுப்பில் குழந்தை. தமிழ்ப் பெண்ணாக வரைந்த படத்தை மணிலாவுக்கு அனுப்பி அங்கே செதுக்கி வரவழைத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இத்தாலிக்காரர், தமிழ்ப் பெண்ணை வரையச் சொல்லி, பிலிப்பைன்ஸ் ஆசாரியிடம் செய்து வாங்கி, கடலூர் மண்ணில் நட்டார்! இதைவிட வேடிக்கை வேறென்ன. தேம்பாவணி எழுதிய அதே மனிதர் கித்தேரியம்மாள் அம்மானையும் எழுதினார். அரசன் மகளாகப் பிறந்தும் அப்பன் சொன்ன கல்யாணத்துக்கு இணங்காமல் உயிர்விட்ட வேதசாட்சி அவள். அம்மானை என்றால் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிற பாட்டு. அப்பனை எதிர்த்த பெண்ணின் கதையை அந்தப் பெண்களிடம் கொண்டுபோய்ப் பாடவைத்தது சும்மா இல்லை.

உன் மகதலா மரியாவுக்கு யார் அச்சு கொடுத்தார்கள் தெரியுமா? 591-ஆம் ஆண்டில் பெரிய கிரகோரியார் என்ற போப்பாண்டவர் ஒரு பிரசங்கத்தில், லூக்கா நற்செய்தியில் பெயரில்லாமல் வருகிற பாவிப் பெண்ணையும் பெத்தானியா மரியாவையும் மகதலா மரியாவையும் ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டார். அவ்வளவுதான், ஆயிரத்து நானூறு வருடம் அவள் அழுதுகொண்டே இருந்தாள். விரித்த கூந்தல், கண்ணீர், பக்கத்தில் மண்டையோடு, தோளிலிருந்து நழுவுகிற துணி. (தோள் நழுவுவதில் ஐரோப்பிய ஓவியர்களுக்கு இருந்த அக்கறை மனந்திரும்புதலில் இருந்த அக்கறையைவிடக் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.) 1969-ல் திருச்சபை நாட்காட்டியைத் திருத்தியபோது அந்த மூன்று பேரையும் பிரித்துவிட்டார்கள். 2016 ஜூனில் போப் பிரான்சிஸ் ஜூலை 22-ஐ நினைவுநாள் என்ற நிலையிலிருந்து, அப்போஸ்தலர்களுக்குக் கொண்டாடுவதைப் போலவே, விழாவாக உயர்த்தினார். அன்றைய பூசையின் தொடக்கவுரைக்கே ‘அப்போஸ்தலர்களின் அப்போஸ்தலர்’ என்றுதான் தலைப்பு. இதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள். கமிட்டியில் வாக்குவாதம் வேண்டாம். பங்குச் சாமியாரிடம் இந்தத் தாளை மட்டும் நீட்டு. திருச்சபை தன் அச்சை உடைத்துவிட்டது, நம் பட்டறைகளில்தான் இன்னும் பழைய அச்சு கிடக்கிறது.

போப்பாண்டவர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1988 ஆகஸ்ட் 15 தேதியிட்டுப் பெண்ணின் மாண்பையும் அழைத்தலையும் பற்றி ஒரு மடல் எழுதினார். ‘முலியெரிஸ் திக்னித்தாத்தெம்’ என்று இலத்தீனில் தொடங்கும். ஒரு கன்னியாஸ்திரி எனக்குத் தமிழில் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார், பல சாயங்காலங்கள், இந்தக் கொட்டகையில், கையில் தேநீரோடு. அதில் இரண்டு இடங்கள் என் கைவேலையை மாற்றின.

ஒன்று, தொடக்கநூலில் ஆண் பெண்ணை ஆள்வான் என்று வருகிறதே, அது கடவுளின் கட்டளை இல்லை, பாவத்தால் வந்த கேடு என்கிறார். முதலில் படைக்கப்பட்டபோது இருவருமே அவர் சாயல். இதைக் கேட்ட அன்று நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. எபேசியர் மடலில் மனைவி பணிந்திருக்க வேண்டும் என்று கல்யாணப் பூசைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு முந்தின வரி ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று இருவரையும் சேர்த்துச் சொல்கிறது என்பதும், பின்னால் வருவதையெல்லாம் அந்த வரியின் வெளிச்சத்தில்தான் படிக்கவேண்டும் என்பதும் அந்த மடலைக் கேட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம் ஊர்க் கல்யாணங்களில் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்த வரியிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, விபசாரத்தில் பிடிபட்ட பெண். அவளை மட்டும் இழுத்துவந்து நடுவில் நிறுத்தினார்களே, அவளோடு இருந்த ஆணின் பாவம் பேசப்படாமலே போய்விட்டது என்கிறார் போப்பாண்டவர். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் அந்தக் காட்சியை ஒரு கோயில் வளாகத்துக்கு நான் செய்திருக்கிறேன். ஏசு குனிந்து மண்ணில் எழுதுகிறார், கல்லோடு ஆறு ஆண்கள், தரையில் அந்தப் பெண். கல் பிடித்த ஆறு கைகளையும் நரம்பு தெரியச் செய்தேன். அவள் முகத்தைச் செய்யவில்லை. கூந்தலைப் போட்டு மூடிவிட்டேன். பக்தி உணர்வு என்று பார்த்தவர்கள் பாராட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், தேதி நெருங்கிவிட்டது, முகம் செய்ய மூன்று நாள் ஆகும், கூந்தலுக்கு அரை நாள் போதும். அவள் இன்னும் அங்கே முகமில்லாமல்தான் கிடக்கிறாள்.

அந்த மடலில் எல்லாமே எனக்கு ஒத்துப்போனது என்று நினைக்காதே. பெண்ணின் அழைத்தலைப் பேச வரும்போது பெரும்பகுதி தாய்மை, கன்னிமை என்ற இரண்டையும் சுற்றியே போகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், மடத்திலும் சேராதவள். ரெசின் வாசனையோடு நாற்பது வருடம் இருந்துவிட்டேன். என்னை எந்த மாடத்தில் வைப்பீர்கள் என்று அந்தச் சகோதரியிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, உன் சுரூபங்களுக்கு நீ தாய் என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. அண்ணனை யாரும் சுரூபங்களின் தகப்பன் என்று சொன்னதில்லையே. ஸ்தபதி என்றுதானே சொன்னார்கள். பெண்ணுக்கே உரிய கொடை என்று ஒன்றைப் புகழும்போது, அதைப் புகழ்ச்சி என்று வாங்கிக்கொள்ளலாமா, அல்லது மெதுவாகக் கதவைச் சாத்துகிறார்களா என்று ஒரு கண் வைத்திரு. சில நேரம் முதலாவது, சில நேரம் இரண்டாவது.

குருத்துவத்தைப் பற்றியும் உன் வயதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று 1976-லும் 1994-லும் உரோமை தெளிவாகச் சொல்லிவிட்டது. பெண் திருத்தொண்டர்களைப் பற்றி ஆராய 2016-லும் 2020-லும் குழுக்கள் போட்டார்கள். இதில் எனக்குத் தீர்ந்த முடிவு எதுவும் இல்லை. இருப்பதாக நடிக்கவும் மாட்டேன். சுரூபத்தை வைத்து வழக்காடாதே என்பது மட்டும் என் யோசனை. இருப்பதையே நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை. 2016-லேயே பெரிய வியாழன் அன்று பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று விதி மாறிவிட்டது. 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் என்ற நிலையான பணிகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. 2010-ல் இந்திய ஆயர் பேரவை பாலினக் கொள்கை என்றே ஒன்றை வெளியிட்டது. 1995-ல் பெய்ஜிங் மாநாட்டுக்கு முன் பெண்களுக்கு எழுதிய கடிதத்தில், திருச்சபையின் பிள்ளைகளும் பெண்களுக்கு இழைத்த குற்றத்தில் பங்காளிகள் என்றால் அதற்காக வருந்துகிறேன் என்று அதே இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதினார். எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. உன் பங்கில் எத்தனை வந்து சேர்ந்திருக்கிறது என்று நீயே எண்ணிப் பார்.

சரி, களிமண்ணுக்கு வா.

உன் படத்தில் அவள் இரண்டு பாதத்தையும் சமமாக ஊன்றி நிற்கிறாள். வலது குதிகாலைத் தூக்கு. அவள் சீடர்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறாள். எடை முன்காலில் விழட்டும். ஃபைபரில் வார்க்கும்போது அந்தக் கால் தாங்காது என்று பயப்படாதே, முன்காலுக்குள் பன்னிரண்டு எம்எம் கம்பியைப் பீடம் வரை இறக்கிவிடு, பின்னால் துணி மடிப்பைத் தரையில் தொடவைத்தால் அது மூன்றாவது காலாகிவிடும். தேரில் ஏற்றப்போகிற சுரூபம் என்றால் ஃபைபர் மேட் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம், தூக்குகிறவர்கள் தோளை நினைத்துக்கொள். இடுப்பைக் கொஞ்சம் திருப்பு. யோவான் நற்செய்தியில் தோட்டக்காரர் என்று தான் நினைத்தவர் ‘மரியா’ என்று கூப்பிட்டதும் அவள் திரும்புகிறாள். அந்தத் திருப்பம் உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கட்டும். பரிமளத் தைலக் குடுவை வேண்டும் என்று கமிட்டி கேட்டால் வை, ஆனால் கையில் வேண்டாம். பீடத்தில் சாய்ந்து கிடக்கட்டும். சமாரியப் பெண் கிணற்றடியில் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாளே, அதைப்போல.

வாய் மூடியிருக்கக் கூடாது. பல் தெரியும்படி திறந்தால் சுரூபம் அசிங்கமாகிவிடும், எல்லாரும் அதற்குப் பயந்துதான் மூடிவிடுகிறோம். உதட்டுக்கு நடுவில் ஒரு கோடு அளவு இடைவெளி விட்டு, உள்ளே அடர்ந்த பழுப்பு நிறம் எழுது. கறுப்பு வேண்டாம், ஓட்டை மாதிரித் தெரியும். ‘கண்டேன்’ என்று சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தால் போதும்.

கூந்தலை முடிந்துவிடச் சொல்லலாமா என்று முதலில் யோசித்தேன். வேண்டாம், விரித்தபடியே இருக்கட்டும். ஐரோப்பிய ஓவியருக்கு இவளுடைய விரித்த கூந்தல் என்றால் பாவிப் பெண். நமக்கு அப்படியா? நமக்கு விரித்த கூந்தல் என்றால் பாண்டியன் சபையில் நிற்கிற கண்ணகி. மெரினாவில் 1968-ல் வைத்த சிலையாகக் கையில் சிலம்போடு நிற்கிறாளே, ஒருமுறை போய் அவள் கழுத்தின் சாய்வை மட்டும் பார்த்துவிட்டு வா. உன் பங்கு மக்கள் தமிழர்கள். அந்தக் கூந்தலை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கண்ணை நேராக வை. வானத்தை அவள் பார்க்க வேண்டியதில்லை, தேடியவரைத் தோட்டத்திலேயே பார்த்துவிட்டாள். தரையையும் பார்க்க வேண்டியதில்லை. நேராக, கோயிலின் பெரிய வாசலைப் பார்க்கட்டும். நீ சொன்ன மாடம் ஆறரை அடி உயரம் என்றால், கருமணியை மையத்திலிருந்து ஒரு நூல் கீழே இறக்கு. அப்போது நடுவரிசையில் நிற்பவர்களின் கண்ணுக்கு நேராக வரும். முன்வரிசைக்காரர்களுக்குத் தன்னைத் தாண்டி யாரையோ பார்ப்பதுபோல் இருக்கும். இருக்கட்டும், அவர்களுக்கு எப்போதும் எல்லாம் தங்களைத்தான் பார்க்கிறது என்ற எண்ணம் இருக்கிறது. கண் எழுதும் முன் ஏணியில் ஏற்றி வைத்து, கீழே முழங்காலில் இருந்து பார். பிறகு எழுந்து நின்றும் பார். அப்பா முழங்காலில் இருந்து பார்க்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். நின்று பார்ப்பது நான் சேர்த்தது.

கூலி விஷயத்தில் வாய் கூசாதே. பாதியை முன்பணமாக வாங்கு. கோயில் வேலை, மாதா கொடுப்பாள் என்பார்கள். மாதா கொடுப்பாள், ரெசின் கடைக்காரர் கொடுக்கமாட்டார். ஆண் ஸ்தபதிக்கு என்ன கொடுத்திருப்பீர்களோ அதையே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, பிறகு சும்மா இரு. அமைதியைத் தாங்க முடியாமல் அவர்களே பேசுவார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பக்கத்துக் கோயில்களில் நான் கண் எழுதிய சுரூபங்களின் பீடத்தைச் சுற்றிவந்து பார்த்தால் உபயதாரர் பெயர் இருக்கும், மந்திரித்தவர் பெயர் இருக்கும், செய்தவர் என்று அண்ணன் பெயர் இருக்கும். அண்ணன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதில்லை. என் பெயரைப் போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அச்செடுப்பதற்கு முன், களிமண்ணில் ஈரம் இருக்கும்போதே, பீடத்தின் பின்பக்கம் ஒரு ஆணியால் உன் பெயரையும் வருடத்தையும் எழுது. யாரிடமும் அனுமதி கேட்காதே. இன்று ராத்திரியே எழுதிவிடு, இந்த வெயிலுக்கு நாளை மத்தியானத்துக்குள் மண் இறுகிவிடும்.

அன்புடன்,
உன் பெரியம்மா